விண்ணன் என்று இங்கே யாரும் இல்லை

"கதை பூமியில நடக்குதுங்களா?"

எந்த ஆட்டமானாலும் ஷரீபுன்னிசாவின் முதல் கேள்வி இதுதான். ஆமாம் என்று பதில் வந்தால் கொஞ்சம் ஏமாந்துபோவார். இல்லை என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

பாலக்கோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அழைப்புகளை இணைக்கும் போர்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் ஏழு வருடமாக அவர். மற்றதில் 1985-லிருந்து நான். ஊரில் யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால், போர்டில் அவர்கள் எண்ணுக்கு மேலிருக்கும் சின்னத் தகடு 'டக்' என்று விழும். தக்காளி மண்டி அடங்கி, வியாபாரிகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, மதியம் இரண்டரை மணிக்கு மேல் ஒரு தகடும் விழாது. அப்போது தர்மபுரி எக்ஸ்சேஞ்சிலிருந்து கோவிந்தம்மாள் கூப்பிடுவார். பாலக்கோடு, பென்னாகரம், தொப்பூர் என்று மூன்று ஊர் லைன்களையும் தன் போர்டில் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்பார். ஆட்டம் தொடங்கும்.

ஆட்டம் எளிது. ஒருவர் தான் படித்த விஞ்ஞானக் கதை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் மாறி மாறி இருபது கேள்வி கேட்கலாம். ஆமாம், இல்லை என்பதற்கு மேல் பதில் கிடையாது. இருபதுக்குள் கதையின் பெயரைச் சொல்லிவிட்டால் ஜெயிப்பு. நடுவில் எந்த ஊரில் தகடு விழுந்தாலும் ஆட்டம் அப்படியே நிற்கும். லைன் முதலில் பொதுமக்களுக்கு, பிறகுதான் நட்சத்திரங்களுக்கு என்பது கோவிந்தம்மாளின் சட்டம்.

ஊருக்கு ஒருவராக ஆடிய நான்கு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. வெறும் குரல்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் சனிக் கிரகத்தின் வளையத்தில் ஒருவர் தொலைந்துபோவார், இன்னொருவர் தேடிப் பிடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, சாயங்காலம் வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டே புதிதாகத் தெரியும்.

ஷரீபுன்னிசா ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அவருடைய அப்பா பக்ருதீன் பஸ் ஸ்டாண்டு அருகில் டார்ச் லைட் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஷரீபுன்னிசா ஆறு வயதில் ஒரு டார்ச்சை வானத்தைப் பார்த்து அடித்து, "இந்த வெளிச்சம் எங்க போய் நிக்கும்?" என்று கேட்டாராம். "தடுக்க அங்க யாரு இருக்கா? போய்க்கிட்டேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த டார்ச்சை எடுத்துவிட்டார். அன்று அடித்த வெளிச்சம் இப்போது எத்தனை கோடி மைல் போயிருக்கும் என்று ஷரீபுன்னிசா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கணக்குப் போடுவார். உருது பள்ளியில் ஐந்தாவது வரை, பிறகு தமிழில். நூலகத்தில் வானம், கிரகம் என்று பெயர் இருந்த எதையும் அவர் விடவில்லை.

அவர் ஒரே ஒரு கதை எழுதியிருந்தார். மழை பொய்த்த வருடம் அது. ஒரு கிராமத்தில் தண்ணீருக்காக மண்ணைத் துளைத்துப் போர் போடுகிறார்கள். எழுநூறு அடியில் தண்ணீர் வரவில்லை, ஒரு சத்தம் வருகிறது. ஒரு பெண் இரும்புக் குழாயில் காதை வைக்கிறாள். கீழேயிருந்து யாரோ கேட்கிறார்கள்: "மேல தண்ணி இருக்குதா?" அந்தக் குரல் இன்றையதா, வரப்போகும் காலத்தினுடையதா என்று கதை சொல்லாது.

இதை அவர் எனக்குச் சொன்னபோது என் கழுத்தில் மயிர் நின்றது. கதையைக் காட்டுங்கள் என்றேன். கையில் இல்லை என்றார். கார்பன் வைக்காமல் எழுதிய ஒரே பிரதியை, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு சின்ன அறிவியல் மாத இதழுக்கு அனுப்பிவிட்டார். பதினான்கு மாதம் ஆகியும் ஒரு வரி பதில் இல்லை. திரும்ப எழுத மூன்று முறை உட்கார்ந்து பார்த்தார். "வார்த்தை வருது, அந்தக் குரல் வர மாட்டேங்குது. போச்சுன்னா போனதுதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதையும் எழுதவில்லை.

1986 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. கதை வைக்கும் முறை பென்னாகரம் சென்றாயனுக்கு. நான்கு பேரில் அவர் ஒருவர்தான் ஆண்.

"இன்னிக்கு நீங்க யாரும் சொல்ல முடியாது" என்றார் சென்றாயன்.

"போன வாரமும் இதையேதான் சொன்னே. ஏழாவது கேள்வியில மாட்டிக்கிட்டே" என்றார் தொப்பூர் லூர்துமேரி. அவர் பேசும்போதெல்லாம் பின்னால் கணவாய் ஏறும் லாரிகளின் முனகல் கேட்கும்.

ஷரீபுன்னிசா வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஆமாம், பூமிதான்.

"ராக்கெட் வருதா?" இது லூர்துமேரி. இல்லை.

"வேற கிரகத்து ஆளுங்க?" இல்லை.

"வருங்காலமா?" என்றார் ஷரீபுன்னிசா.

சென்றாயன் தயங்கினார். "அது பாதி ஆமா, பாதி இல்லைங்க."

"பாதியெல்லாம் கெடையாது. ஒண்ணு சொல்லு" என்று கோவிந்தம்மாள் அதட்டினார்.

"அதாங்க கதையே! நான் என்னாங்க பண்ணட்டும்?"

அதில் ஒரு மெஷின் உண்டு. அது பறக்காது. தண்ணீரில் போகாது. எட்டாவது கேள்வியாக ஷரீபுன்னிசா, "மண்ணுக்குள்ள போறதா?" என்றார். ஆமாம் என்று வந்தது. பென்சில் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது.

"போர் போடற வண்டியா?"

"யம்மா! எப்படிக்கா?"

அப்போது எங்கள் போர்டில் தகடு விழுந்தது. தக்காளி வியாபாரி கவுஸ் பாஷா. கோயம்புத்தூருக்கு அவசர டிரங்க் கால். அவருடைய லாரி தொப்பூர் கணவாயில் நின்றுவிட்டதாம். கோவிந்தம்மாள் எல்லா லைனையும் பிரித்துவிட்டார்.

மூன்று நிமிடம் முடிந்தது. கவுஸ் பாஷா இன்னொரு மூன்று நிமிடம் கேட்டார். "பழம் அழுகிப் போவுதுய்யா" என்று அவர் கத்துவது ஹெட்போன் இல்லாமலே கேட்டது. ஷரீபுன்னிசா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கதைதான்க்கா" என்றேன் மெதுவாக.

"அவசரப்படாதே. வறட்சி எல்லாருக்கும்தான் வந்துச்சு. போர் வண்டியை எல்லாரும்தான் பாத்தாங்க. வேற யாருக்காச்சும் இதே மாதிரி தோணியிருக்கும்." சற்றுப் பொறுத்து, "அப்படியிருந்தா என்னோடது நெஜமாவே போச்சு" என்றார்.

லைன் மறுபடி சேர்ந்தது. "ஒம்பது ஆச்சு" என்றார் கோவிந்தம்மாள்.

ஷரீபுன்னிசா கேள்வி கேட்கவில்லை. தான் வைத்த பெயரை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எழுநூறாவது அடி."

"இல்லீங்க, தப்பு" என்றார் சென்றாயன். அவர் குரலில் சந்தோஷம் வழிந்தது. "இன்னிக்கு மாட்டினீங்க பாருங்க!"

ஷரீபுன்னிசா கண்ணை மூடிக்கொண்டார். நான் கை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. லூர்துமேரி, "நான் கேக்கட்டுமா?" என்று தொடங்க, "இரு" என்றார். பிறகு, தன்னிடம் மட்டும் பேசுவதுபோல அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அந்தப் பொம்பளை, கொழாயில காதை வைக்கறதுக்கு முன்னாடி, ஒத்தைக் கம்மலைக் கழட்டறாளா?"

லைனில் சென்றாயன் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க" என்றார் சென்றாயன் கடைசியில். "கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கறா. அது ஏன்னுதான் எனக்குப் புரியவே இல்லைக்கா. ரெண்டு இருக்கறப்ப ஒண்ணை மட்டும் எதுக்குக் கழட்டணும்?"

நான் மேஜையைப் பார்த்தேன். ஷரீபுன்னிசாவின் வலது காதுக் கம்மல் மை பாட்டில் மூடியில் கிடந்தது. என்னுடையது அதன் பக்கத்தில். ஹெட்போன் காதில் அழுத்தும் என்பதால் டியூட்டிக்கு உட்காரும்போது நாங்கள் எல்லோரும் ஒரு கம்மலைக் கழற்றி வைப்போம். தர்மபுரியில் கோவிந்தம்மாளும், தொப்பூரில் லூர்துமேரியும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். சென்றாயனுக்கு அது தெரிய நியாயமில்லை.

கோவிந்தம்மாள் மெல்லச் சொன்னார்: "இது போர்டுல உக்காந்த பொம்பளை எழுதுனது. சென்றாயா, யாரு பேரு போட்டிருக்குது?"

"விண்ணன்னு இருக்குதுங்க. ஊரு போடலை."

அந்த வருடம் மார்ச்சில் மாது என்ற தபால்காரர், உறை சுற்றிய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு வாசலில் நின்றது கண் முன்னால் வந்தது. "எக்ஸ்சேஞ்ச் அட்ரஸ்தான் போட்டிருக்குது. விண்ணன்னு யாராச்சும் இருக்காங்களாம்மா?" ஷரீபுன்னிசா அன்று லீவு. நான் தலையைக்கூடத் திருப்பாமல், "விண்ணன்னு இங்க யாரும் இல்லீங்க" என்று சொல்லியிருந்தேன். ஊரில் எந்த எண்ணுக்கு யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் ஷரீபுன்னிசா, தானே வைத்துக்கொண்ட பெயரை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

"அது நான்தாங்க" என்றார் ஷரீபுன்னிசா.

"ஏசுவே" என்றார் லூர்துமேரி.

சென்றாயனின் குரல் வேறுமாதிரி வந்தது.

"அக்கா, நான் அதை மூணு தடவை படிச்சேங்க. எங்க வூட்டுப் பின்னாடி தண்ணி வராத போர் ஒண்ணு இருக்குது. மூடி வச்சிருந்தோம். படிச்ச மறுநாள் காலையில போய்க் கல்லை நகத்திட்டுக் காதை வச்சேன். சொன்னா சிரிப்பீங்க. எங்க அம்மா பாத்துட்டு, என்னடா கேக்குதுன்னாங்க. பேசாம இரும்மான்னேன். அவங்களும் வந்து குனிஞ்சாங்க. ரெண்டு பேரும் அரை மணி நேரம்."

யாரும் சிரிக்கவில்லை. ஷரீபுன்னிசா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். முப்பது மைலுக்கு அப்பால், தான் பார்த்தே இராத ஒரு முற்றத்தில், தான் பார்த்தே இராத இரண்டு பேர், தான் எழுதிய குரலுக்காக மண்ணில் காது வைத்திருந்திருக்கிறார்கள். அவர் சின்ன வயதில் அடித்த டார்ச் வெளிச்சம் எதன்மேலோ பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

கோவிந்தம்மாள்தான் முதலில் சுதாரித்தார். "அதெல்லாம் சரி. கதை பேரு என்ன சென்றாயா?"

"'கீழே யார்?'னு போட்டிருக்குதுங்க."

"பத்திரிகைக்காரங்க மாத்திட்டாங்க. பேரு சொன்னாத்தானே ஜெயிப்பு? ஷரீபு, நீ தோத்துட்டே!"

"சொந்தக் கதையிலயே!" என்று லூர்துமேரி கூவினார். ஷரீபுன்னிசா சிரித்தார். சிரிப்போடு கண்ணில் நீர் வந்தது.

நான் மாதுவைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "நான் இருந்திருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார். அது என்னைத் தேற்றுவதற்கா, உண்மையா என்று இன்றுவரை தெரியாது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார் சென்றாயன். "கீழ இருக்கறவங்க தண்ணி இருக்குதான்னு கேட்டாங்க இல்ல? அதோட கதை முடிஞ்சிருது. மேல இருக்கற அந்தப் பொம்பளை என்னா பதில் சொன்னா?"

ஷரீபுன்னிசா ஜன்னலைப் பார்த்தார். வெளியே நான்கு மணி வெயில்.

"தெரியலீங்க" என்றார். "அவ இன்னும் காதை எடுக்கலை."

மறுநாள் பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் அந்த இதழைச் சென்றாயன் கொடுத்தனுப்பினார். கம்மல் வரும் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருந்தது. ஷரீபுன்னிசா அதை அழிக்கவில்லை. அந்த மாதச் சம்பளம் வந்ததும் ஒரு குயர் காகிதமும் நான்கு கார்பன் தாளும் வாங்கி வந்தார்.