அஞ்சலையின் இஞ்சு டேப்

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு புடவையை உதறி விரித்துக்கொண்டிருந்தபோது அஞ்சலையின் கணவரிடமிருந்து போன் வந்தது. "அஞ்சல பூட்டாம்மா. பஸ்ல ஏறும்போது மூச்சு வாங்கி அப்படியே சாஞ்சுட்டா" என்றார். எதிரே இருந்த அம்மா, "இதே கலர்ல வேற பார்டர் இருக்குதா?" என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். கை தானாக வேலை செய்தது.

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில், அவளும் நானும் ஒன்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கல்வராயன் மலைக்காரி. "மலையில நாள் பூரா ஏறி எறங்கினாலும் நோவாது. இங்க நின்னுக்கினே கீறதுதான் கொல்லுது" என்பாள். லட்சுமி இருக்கும் இடம் என்று கடைக்குள் செருப்பு போட விடமாட்டார்கள். தரை சில்லிடும். புடவைப் பெட்டி அட்டைகளை அடுக்கி நம் எல்லோர் காலடியிலும் போட்டவள் அவள்தான். ஆள் இல்லாத நேரத்தில் குதிகாலை எம்பி எம்பி இறக்கச் சொல்லி விரட்டுவாள். உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்துக்காக வாங்கிப்போட்ட ஸ்டூல்களில் புடவைக் கட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன.

திங்கள்கிழமைதோறும் துணி மாற்றும் அறைக்கு இழுத்துப்போய் நம் கெண்டைக்கால்களை இஞ்சு டேப்பால் அளப்பாள். "இன்னாடி, காலுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்று கிண்டல் செய்தேன். "சிரி, சிரி. ரெண்டு காலும் வீங்கினா நின்னதால இருக்கும். ஒத்தக் காலு மட்டும் வீங்கினா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்னு நர்சம்மா சொன்னாங்க" என்றாள்.

ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் காலை மறைத்தாள். அவள் போவதற்கு முந்தின திங்கள்கிழமை அவளுடைய இடது கால் ஒன்றரை இஞ்சு கூடியிருந்தது, தொட்டால் சுட்டது. "யார்கிட்டயும் சொல்லாத பரிமளா. ஆடி முடியட்டும். இப்ப லீவு கேட்டா வேலைய வுட்டே நிறுத்திடுவாங்க" என்றாள். சாப்பாட்டு நேரத்தில், "கொஞ்சம் தேச்சு வுடேன்" என்று காலை நீட்டினாள். தைலம் ஊற்றி அழுத்தி உருவிவிட்டேன். "இப்பதான் உசுரு வந்துச்சு" என்று சிரித்தாள். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். "இப்படி வீங்கின காலை யாராவது தேய்ச்சு விட்டீங்களா? தேய்க்கவே கூடாதும்மா" என்றார். ஆஸ்பத்திரியில் என்னோடு நின்ற தோழிகளே, நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். தேய்த்தது நான்தான். இன்றுதான் சொல்கிறேன். என் கையால்தான் போனாளா என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. அன்று முதல் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலே நின்று குனிந்து என் காலைப் பார்க்கிறேன்.

அவளுடைய டேப் இப்போது என்னிடம் இருக்கிறது. நுனி பிய்ந்து முதல் இஞ்சு கிடையாது. ஒன்றிலிருந்துதான் அளக்க வேண்டும். இன்று காலை அளந்தேன். வலது காலைவிட என் இடது கால் ஒரு இஞ்சு கூட இருக்கிறது. நம்பாமல் மூன்று முறை அளந்தேன். பிறகு ஸ்டூலில் இருந்த கட்டுகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே நம் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதுகிறேன். மேலாளர் இரண்டு தடவை முறைத்துவிட்டுப் போனார். எழுந்திருக்கப் பயமாக இருக்கிறது.

தோழிகளே, என்மேல் பிரியம் இருந்தால் யாரும் தைலம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஆட்டோ கூப்பிடுங்கள்.