பெட்ரோல் டேங்க் மூடி

சிம்பாங் பூலாய் சந்திப்பைத் தாண்டி, கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் சாலையோரத்தில் இருக்கிறது ஜெயபாலனின் பட்டறை. நல்ல மெக்கானிக்கா என்று கேட்டால் யோசிக்காமல் ஆம் என்பார்கள். நல்ல மனிதரா என்று கேட்டால் கொஞ்சம் தலையைச் சொறிவார்கள். ஆள் வாயைத் திறந்தால்தானே தெரியும்? வண்டியைக் கொண்டுவந்து விட்டால் சாவியை வாங்கிக்கொள்வார். வேலை முடிந்தால் சாவியைக் கொடுப்பார். நடுவில் என்ன கேட்டாலும் “பாக்குறேன்” என்ற ஒரு சொல்தான்.

எப்போதும் இப்படி இருந்தவரில்லை. காம்பார் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். ரப்பர் மரங்களை வெட்டி, தொழிலாளர் லயத்தை இடித்து, அந்த இடத்தில் தாமான் குடியிருப்பு வீடுகள் கட்டியபோது குடும்பம் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த தம்பியைக் காதைப் பிடிக்காத குறையாக ஈப்போவுக்கு இழுத்துப் போய் தவுக்கே என்று கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் சேர்த்துவிட்டவள் துளசி அக்காதான். தையல் ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டே அவனுக்கும் மூன்று வேளை சோறு போட்டாள். ஜெயபாலனுக்குத் தாய், தகப்பன், சாமி எல்லாம் அவள்தான். இதை அவரே வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடக் கடைசியில் அக்கா போய்விட்டாள். புற்றுநோய். ஆனால் அவள் புற்றுநோயால் செத்தாள் என்று குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை. மூச்சுத் திணறியவளைக் கணவர் சின்னையா தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு விரைந்தபோது, பாதி வழியில் கார் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. “இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்” என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் ஜெயபாலன் அந்தக் காருக்குப் பெட்ரோல் ஃபில்டர் மாற்றியிருந்தார். கருமாதி வீட்டில் சின்னையா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அந்த வீட்டில் யாருமே பார்க்கவில்லை.

ஜெயபாலன் அழவுமில்லை, சண்டைக்குப் போகவுமில்லை. ஃபில்டரை ஒழுங்காகத்தான் மாட்டினேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பதில் தெரியவில்லை. பிறகு உள்ளே ஏதோ மரத்துப் போனது. சாப்பிட்டார், ருசி தெரியவில்லை. தூங்கினார், தூங்கிய மாதிரி இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அதே கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. அக்கா மகள் தினேஸ்வரி இறங்கினாள். அப்பா அந்தக் காரைத் தொடுவதே இல்லை என்பதால் அவள்தான் ஓட்டுகிறாள் என்று ஜெயபாலன் கேள்விப்பட்டிருந்தார்.

“மாமா, இன்னும் நின்னு நின்னுதான் போவுது. மூணு எடத்துல காட்டிட்டேன். பம்ப் மாத்துனாங்க, காயில் மாத்துனாங்க. ஒண்ணும் ஆவலை.”

“பாக்குறேன்.”

“பாக்குறேன் மட்டும் பத்தாது மாமா. எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு என்னைய மேடைக்குக் கூட்டிட்டுப் போவணும். அப்பா ஒங்க பேரை எடுத்தாலே எழுந்து போயிடுறாரு. அன்னிக்கு நின்னது ஒங்க வேலையாலயா இல்லையான்னு எனக்குத் தெரியணும். ஒங்க வேலையால இல்லேன்னா, அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்.”

ஜெயபாலன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். “ஓட்டு. நிக்கிற வரைக்கும் ஓட்டு.”

காம்பார் சாலையில் போனார்கள். கார் நல்ல பிள்ளையாக ஓடியது. வெகுதூரம் போன பிறகு ஒரு மேட்டில் இழுவை குறைந்தது, இருமியது, நின்றது. தினேஸ்வரி ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அம்மா மூச்சுக்குத் தவித்ததும் இதே இருக்கைக்குப் பின்னால்தான்.

மற்றவர்களெல்லாம் முன்னால் போய் பானட்டைத் திறந்திருப்பார்கள். ஜெயபாலன் பின்னால் போனார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது.

“இப்போ ஸ்டார்ட் பண்ணு.”

கார் உடனே கிளம்பியது.

டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் இறங்காமல் நிற்குமே, அதே கதைதான். அந்தக் காற்று போவதற்காகவே பழைய கார்களின் மூடியில் சின்னதாக ஒரு வழி வைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் காரைச் சும்மா விட்டால் ஏதாவது இடுக்கில் காற்று கசிந்து, ஒன்றுமே நடக்காததுபோல் திரும்ப ஓடும். அப்படித்தான் மூன்று பட்டறைக்காரர்களுக்கும் அது காது குத்தியிருந்தது.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்பக்கம் கறுப்பாக இருந்தது, எல்லா மூடியையும் போல. நகத்தால் சுரண்டியபோதுதான் ரப்பர் வளையத்துக்கு அடியில் வட்டமாக வெட்டிச் செருகிய கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. குப்பைப் பையை இரண்டாக மடித்து, அளவு பார்த்து, பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. காற்று போகும் வழியை அது அப்படியே அடைத்திருந்தது.

யார் வைத்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஃபில்டர் மாற்றப் போன அன்று அக்கா கட்டிலில் சாய்ந்தபடி சொன்னாள்: “அந்தக் கார்ல ஏறுனாலே பெட்ரோல் வாசத்துக்கு வாந்தி வருமேடா. இப்போ துளி வாசமில்லை. ஒன் மச்சான் என்னமோ செஞ்சிருக்காரு.” மருந்து ஏற்றி ஏற்றி வற்றிப்போன அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை. மச்சான் கட்டிய நாளிலிருந்து அவளுக்கென்று ஒரு பூ வாங்கி வந்ததில்லை என்று கேலி பேசியவள்தான். என்ன செய்தார் என்று ஜெயபாலன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மெக்கானிக் அவர்தானே.

அப்படியென்றால் ஃபில்டர் இல்லை. தன் கை இல்லை. இத்தனை மாதம் சுமந்தது இறங்க வேண்டும், மனம் லேசாக வேண்டும். ஆகவில்லை. நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று நின்று பார்த்தார். வெயில் சுட்டது, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக்கை உருவி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூடியைத் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“என்ன மாமா?”

அவள் முகத்தில் இருந்த ஆசை அவருக்கு நன்றாகவே தெரிந்தது. மாலை போடும் தாய்மாமன் ஆகிவிடலாம். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நேராக ஒரு மனிதரின் வீட்டுக்குப் போய் இறங்கும். பொண்டாட்டியின் துணிமணியை இன்னும் மடித்து வைத்துக்கொண்டிருக்கிற மனிதர்.

“டேங்குக்குக் காத்து போற ஓஸ் குழாய் மடங்கியிருக்கு. அன்னிக்கு ஃபில்டர் மாத்துனப்போ நான்தான் மடக்கி மாட்டியிருக்கேன்.”

தினேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள். “நெஜமாவா மாமா?”

“ஆமாலா. பட்டறைக்குப் போ, சரி பண்ணித் தாரேன்.”

பட்டறையில் காருக்கு அடியில் படுத்து, ஒன்றும் ஆகாத ஓஸை அவள் பார்க்கக் கழற்றி மாட்டினார். அவள் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் ஃபோன் வந்தது. திரையில் மச்சான் பெயர்.

“தினேசு சொன்னா,” என்றார் சின்னையா. “ரோட்டுல நீ மூடியத் தொறந்தப்புறம்தான் கார் கெளம்புச்சாமே.”

“ஆமா மச்சான்.”

“மூடிக்குள்ள நான் ஒரு பிளாஸ்டிக் வெச்சிருந்தேன். அவளுக்குப் பெட்ரோல் வாசம் ஆவாதுன்னு. அதனால…” மூச்சு மட்டும் கேட்டது. “அதனால இல்லியே, ஜெயா?”

இந்தக் கேள்வி இன்றைக்குப் பிறந்ததா, இல்லை அன்று நடுரோட்டில் நின்றபோதே பிறந்து, இவர் பெயரால் மூடி வைக்கப்பட்டிருந்ததா என்று ஜெயபாலனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

“பாத்தேன் மச்சான். அது ஒண்ணும் செய்யாது. ஓஸ்தான். நான் மடக்குனது.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்துட்டேன்.”

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று இறங்கியது. நாற்காலியில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. மறுபடி பேசியபோது சின்னையாவின் குரல் பழைய குரலாக இருந்தது, அக்கா இருந்த காலத்துக் குரல். கோபம்கூட அதில் இல்லை.

“அப்போ கல்யாணத்துக்கு நீ வரவேணாம்.”

“சரி மச்சான்,” என்றார் ஜெயபாலன்.