பாதை அகலமான விமானம்

போன வருடம் ஆனி மாதம் நடந்தது இது. கோவை பீளமேட்டில் என் வீட்டு மாடியில் ஆரம்பித்து, அபுதாபி போகும் விமானத்தின் நடுவழியில் என் மானம் போகப் பார்த்த கதை.

நான் இட்லி மாவு அரைத்து விற்பவள். கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள், கல்யாணமாகி அபுதாபியில் இருக்கிறாள். மாடியில் ஒரு தம்பி வாடகைக்கு இருக்கிறார். கோபி ஊர்ப் பக்கத்துக்காரர், இங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை. வாடகை தவறாது, வம்பு தும்பு கிடையாது. ஆனால் அவருடைய பொழுதுபோக்குதான் எனக்குத் தலைவலி. ஒன்றன்மேல் ஒன்று அழுத்திப் பொருத்துகிற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள் இருக்கிறதல்லவா, அதை டப்பா டப்பாவாக வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லாவற்றையும் தரையில் கொட்டிக் கையால் அளைந்து தேடுவார். கீழே எனக்குத் தகரக் கூரை மேல் ஆலங்கட்டி மழை பெய்வது போலிருக்கும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சண்டை போடவே மாடி ஏறினேன். கதவைத் திறந்தால், அறை முழுக்க ஒரு குட்டி ஊர். ஊட்டி மலை ரயில் வளைந்து நிற்கிறது. பக்கத்தில் புகைபோக்கியோடு ஒரு மில், பூட்டிய கேட், கேட்டுக்கு வெளியே டீக்கடை. திட்ட வந்தவள் குனிந்து அந்த டீக்கடைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இத்தனை வயசுக்கு மேல பொம்மையா தம்பி?" என்றேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"கடையில விக்கற மாதிரி இல்லீங்கம்மா. எல்லாம் நானே யோசிச்சுக் கட்டறதுங்க. இதெல்லாம் பிரிச்சுப்போட்டு அடுத்த வாரம் வேற கட்டுவனுங்க."

பிரித்துவிடத்தான் போகிறார் என்றால் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கீழே கனமான ஜமுக்காளம் விரித்துக் கொட்டச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மகள் மாசமாக இருந்தாள். ஏழாம் மாதம் முடிவதற்குள் ரத்த அழுத்தம் ஏறி, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானத்தில் ஊருக்கு வரவும் கூடாது. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. பகலெல்லாம் அவள் தனியாகக் கிடக்கிறாள். "அம்மா, நீ வந்துரும்மா" என்று போனில் அழுதாள். மாப்பிள்ளை டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பெற்ற மகள் கூப்பிடுகிறாள், முடியாது என்கிறேன். அன்றைக்கு அரைத்த மாவில் உப்புப் போட்டேனா என்பதுகூட நினைவில்லை. வாங்கிப் போனவர்கள் மறுநாள் சொன்னார்கள், போடவில்லையாம்.

நான் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று மாடித் தம்பி கேட்டார். சொன்னேன்.

"பிளேன் உழுந்துரும்னு பயமுங்களா?"

"உழுந்தா எல்லாரும்தான் உழுவோம், அதுல என்ன. எங்க நிக்கறது, யார்ட்ட எதைக் காட்டறது, எங்க உக்கார்றதுன்னு ஒண்ணும் தெரியாது தம்பி. நாலு பேரு முன்னால திருதிருன்னு முழிச்சுட்டு நிப்பனே, அதுக்குத்தான் பயம்."

அவர் தலையாட்டிவிட்டு மாடி ஏறிப் போனார். அந்த வாரம் பூராவும் மாடியில் கட்டைச் சத்தம். ஜமுக்காளத்தையும் மீறிக் கேட்டது. மனுஷி படுகிற பாட்டில் இவருக்கு விளையாட்டா என்று எனக்குக் கோபம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குக் கூப்பிட்டார். மலை ரயிலையும் மில்லையும் காணோம். அந்தக் கட்டைகளையெல்லாம் பிரித்து ஒரு விமான நிலையம் கட்டியிருந்தார். வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்க்கிற போலீஸ்காரர். பெட்டியை எடை போடுகிற கவுண்டர். முத்திரை குத்துகிற ஆபீசர். கைப்பையை வைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு போகிற பெட்டி. கடைசியில் படிக்கட்டோடு வெள்ளை விமானம். அதன் கூரையைத் தூக்கினால் உள்ளே வரிசையாக நாற்காலிகள், நடுவே பாதை, பின்னால் கக்கூஸ்கூட இருந்தது.

"இதுதானுங்க நீங்க" என்று ஒரு பொம்மையைக் கையில் கொடுத்தார். கொண்டை போட்ட நரை முடி, பச்சைப் புடவை மாதிரி உடம்பு. முகத்தைப் பார்த்தால் முறைத்துக்கொண்டிருந்தது. சிரிக்கிற தலை ஒன்றும் கையில் வைத்திருந்தார். வேண்டுமானால் மாற்றிவிடலாம் என்றார். "முறைக்கறதே இருக்கட்டும், அதுதான் நான்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் மாவு வியாபாரம் முடிந்ததும் எனக்குப் பாடம். பொம்மையை நான்தான் நடத்திக் கொண்டுபோக வேண்டும். அவர் போலீஸ்காரராகவும் ஆபீசராகவும் குரலை மாற்றிக் கேள்வி கேட்பார். தப்பாகப் போனால் வாசலிலிருந்து மறுபடியும். என் இடம் ஜன்னல் ஓரம், அதில் ஒரு சிவப்புக் கட்டை. பக்கத்தில் ஒரு ஆள், அதற்கு அடுத்து பாதை. பாதைக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி இரண்டு. "வரிசை கொஞ்சந்தான் வெச்சிருக்கனுங்க, நெசத்துல நீளமா இருக்கும், பயந்துக்காதீங்க" என்று மறக்காமல் சொன்னார். கண்ணை மூடினாலும் அந்த விமானத்துக்குள் நடக்க முடியும் என்கிற அளவுக்கு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மகளுக்குப் போன் போட்டு, "வாரேன் கண்ணு" என்றேன். அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை.

புறப்படுகிற காலையில் பொம்மையைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே நுழைந்தால் ஒவ்வொன்றும் மாடியில் பார்த்தபடியே வந்தது. போலீஸ்காரர், கவுண்டர், முத்திரை, இழுக்கிற பெட்டி. எனக்கு முன்னால் பேண்ட் சட்டை போட்ட ஒருவர் பெல்ட்டைக் கழற்ற மறந்து திரும்பி ஓடினார். நான் ஓடவில்லை. மனதுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. படியேறி விமானத்துக்குள் காலை வைத்தேன்.

கால் அங்கேயே நின்றுவிட்டது. பாதையைக் காணோம். ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்துதான் இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி இல்லை, மூன்று மூன்று. இது என் விமானம் இல்லை. எங்கோ தப்பாகத் திரும்பி வேறு ஊர் போகிற விமானத்தில் ஏறிவிட்டேன். இங்கே உட்கார்ந்தால் எங்கே கொண்டுபோய் இறக்குவார்களோ, மகள் அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

திரும்பி வெளியே நடக்கப் பார்த்தேன். எதிரே ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். பணிப்பெண் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். நான் "இறக்கி உடுங்க, இது இல்ல" என்றேன். பின்னால் வரிசை நின்றுவிட்டது. எதற்குப் பயந்து வர மாட்டேன் என்றேனோ, அதே மாதிரி நாலு பேர் என்ன, நாற்பது பேர் முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வரிசையில் இருந்து பர்தா போட்ட ஒரு அம்மணி முன்னால் வந்தார். நாற்பது வயது இருக்கும். "எங்க போகணுங்கக்கா?" என்று கேட்டார். அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

"அபுதாபிக்குங்க."

"இதும் அங்கதானுங்க போகுது."

"இல்லீங்க, என்ற பிளேன்ல ரெண்டு ரெண்டு சீட்டுத்தான். வழி அகலமா இருக்கும்" என்று சொல்லி, நம்ப மாட்டாரோ என்று சுருக்குப்பையில் இருந்து பொம்மையை வேறு எடுத்துக் காட்டினேன். என்ன சாட்சி பாருங்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பொம்மையை வாங்கிப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். பிறகு தன் டிக்கெட்டை எடுத்து என் டிக்கெட்டோடு சேர்த்துப் பிடித்தார்.

"ரெண்டுலயும் பிளேனுக்கு ஒரே எழுத்து, ஒரே நம்பர் இருக்குதா பாருங்க. நீங்க தப்பா ஏறியிருந்தா நானும் தப்பாத்தான் ஏறியிருக்கேன். எங்க போனாலும் ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிருவோம், வாங்க."

அந்த ஒரு பேச்சுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். பணிப்பெண்ணிடம் சொல்லித் தன் இடத்தை மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெல்ட் மாட்டிவிட்டார். எங்கள் கோவை உக்கடத்துக்காரர், கணவரைப் பார்க்கப் போகிறார் என்று பேச்சில் தெரிந்தது. அபுதாபியில் இறங்கியதும் அந்தப் பெரிய வரிசையில் என் கையைப் பிடித்தவர், வெளியே மாப்பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகுதான் விட்டார். மாப்பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் மகள் படுத்தபடியே கையை நீட்டினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளை ஒரு வாய் சாப்பிட வைத்த பிறகு, மாடித் தம்பிக்குப் போன் போட்டுப் பிடி பிடியென்று பிடித்தேன். "மூணு சீட்டை ரெண்டுன்னு காட்டி என்னை நடுவழியில நிக்க வெச்சுப்போட்டியே தம்பி."

அவர் மெதுவாகச் சொன்னார். "அந்தப் பொம்மைங்களுக்கு உசரத்துக்குப் பொருந்தாம இடுப்பு அகலமுங்கம்மா. நெசமான அளவுல கட்டுனா வழியில நடக்கவே முடியாது. அதனால நாங்க கட்டறவங்க எப்பவுமே சீட்டைக் குறைச்சு வழிய அகலமாக்கிப்போடுவோம். பழகிப் போனதால உங்களுக்குச் சொல்லோணும்னே தோணலீங்க. நீளத்தைச் சொன்னவன் அகலத்தைச் சொல்லாம உட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். மகளும் எழுந்து நடமாடினாள். அவர்களைத் தேற்றி வைத்துவிட்டு நான் ஊர் திரும்பியபோது, மாடியில் அந்தத் தம்பி புதிதாக ஒரு விமானம் கட்டி வைத்திருந்தார். பக்கத்துக்கு மூன்று நாற்காலி, நடுவே சந்து. அச்சு அசல் அப்படியே. என் பொம்மையை வைத்து நடத்திப் பார்த்தேன். முதல் வரிசையிலேயே சிக்கிக்கொண்டது.

"இதைப் பிரிச்சுப்போடு தம்பி, பழையதையே கட்டு" என்றேன்.

இப்போது அந்தப் பொம்மை என் மாவு பிரிட்ஜின் மேல் முறைத்தபடி நிற்கிறது. இன்றைக்கும் மேலே கட்டைகளைக் கொட்டுகிற சத்தம் கேட்டால் நான் கதவைச் சாத்துவதில்லை. உக்கடம் பக்கம் போனால் பர்தா போட்ட முகங்களை நின்று பார்க்கிறேன், அந்தக் கையைத் திரும்பப் பிடிக்க முடியாதா என்று. விமானம் உள்ளபடி எப்படி இருக்கும் என்பதைப் போனால் யாரும் தெரிந்துகொள்ளலாம். நான் தைரியமாக முதல் அடி எடுத்து வைத்தது, எனக்காக ஒருவர் வழியை அகலமாக விட்டுக் கட்டியதால்தான்.