ரிவர்ஸில் வருகிறவருக்கு என்ன மரியாதை?

டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்து வைப்பது கல்யாணம் செய்து வைப்பதைவிடக் கஷ்டம். கல்யாணத்திலாவது இரண்டு பேரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

எண்பத்தேழில் பி.காம். முடித்துவிட்டு, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் ஒரு டிரெய்லர் பட்டறைக்குக் கணக்கு எழுதப் போனேன். வாடிக்கையாளரிடம் வாய் திறக்கக் கூச்சப்பட்டு, மனசுக்குள்ளேயே பதில் சொல்லி முடித்துக்கொள்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். என் கஷ்டம் அவர்களுக்குப் புரியும்.

தூண்

டிரெய்லரின் மூக்கில் ஒரு வளையம். டிராக்டரின் பின்பக்கம் மேலும் கீழுமாகத் துளை போட்ட இரும்புப் பட்டை. டிராக்டரை ரிவர்ஸில் கொண்டுவந்து, வளையமும் துளையும் நேரானதும் பெரிய இரும்புப் பின் ஒன்றைச் சொருக வேண்டும். ஓட்டுகிறவருக்கு வளையம் தெரியாது; பக்கத்தில் ஒருவர் நின்று சத்தம் கொடுக்க வேண்டும். வழக்கமாக அது வெல்டர் செல்லையா அண்ணனின் வேலை. அன்று அவருக்குக் காய்ச்சல். "செத்த வந்து நில்லு பாப்பா" என்றார் முதலாளி. அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம்.

டிராக்டரில் இருந்தவருக்கு என் அப்பா வயது. அவரை எப்படி "நிறுத்து" என்பது? "இம்புட்டு தூரம் வந்தது போதும்னு நினைக்கேங்க, செத்த நிறுத்திக்கிடுங்களேன்" என்று ஆரம்பித்தேன், அதுவும் எனக்கே கேட்காத குரலில். நான் முடிப்பதற்குள் டிராக்டர் டிரெய்லரைத் தள்ளி, டிரெய்லர் கொட்டகைத் தூணைத் தள்ளியிருந்தது. வீட்டை விட்டு வெளியே வர எனக்கிருந்த ஒரே காரணம் அந்த வேலை. அண்ணாச்சி தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கணக்கெல்லாம் நல்லாத்தான் எழுதுத. ஆனா இந்த மாசத்துக்குள்ள ஒனக்குச் சத்தம் வரலைன்னா, சத்தம் வாரவன் ஒருத்தனுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துக்கிடுதேன்."

ஏங்க

வ. புதுப்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். தூண் விஷயம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். என்னை நம்பாமல், சத்தம் கொடுக்கத் தன் மனைவியையே கூட்டி வந்திருந்தார். எப்படித்தான் செய்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள நானும் ஓரமாக நின்றேன்.

டிராக்டர் பின்னால் வந்தது. வளையம் நேரானதும் அந்த அம்மாள் "ஏங்க" என்றார். வீட்டில் அப்படிக் கூப்பிட்டால் வரவேண்டும் என்று பழகியவர் இன்னும் வந்தார். "ஏங்க, ஏங்க" என்றார் பதறிப்போய். அவர் வேகமாக வந்தார். மூக்கு மோதி வளையம் கோணிக்கொண்டது. இறங்கி வந்து, நில்லுன்னு சொன்னா என்ன என்று அவர் சத்தம் போட, அந்த அம்மாள் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அவியளப் போயி நில்லுன்னு சொல்ல முடியுமா தாயி? சொன்னாலும் என்னைக்கு நின்னுருக்காவ?"

சங்கிலி

அந்தப் பெரிய பின் கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமலிருக்க, கூடவே ஒரு சங்கிலி மாட்டுவது நல்லது. அதை ஒரு வாடிக்கையாளரிடம் தைரியமாக, தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "கட்டுன பொண்டாட்டிக்கே இன்னும் சங்கிலி போடல. டிரெய்லருக்குப் போட்டேன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடுவாளா?"

மச்சான்

கூமாப்பட்டித் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் டிராக்டருக்குப் பெரிய டயர் மாற்றியிருந்தார். டிராக்டர் உயர்ந்ததும் டிரெய்லரின் மூக்கும் வானத்தைப் பார்த்துவிட்டது. ஏற்றிவந்த தேங்காயெல்லாம் பின்னால் சரிந்து, மேட்டில் டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றியது. பட்டையில் ஒரு துளை கீழே மாட்டினால் சரியாகிவிடும் என்றார் செல்லையா அண்ணன். தோப்புக்காரருக்கோ மனசில்லை. மூக்கு நிமிர்ந்து நின்றால்தான் வண்டி கம்பீரம் என்றார். முன்னால் பாரம் வேண்டும், அவ்வளவுதானே என்று தன் மச்சானை டிரெய்லரின் முன்மூலையில் உட்கார வைத்தார். மச்சான் நல்ல கனமான ஆள்.

"வீட்டுல சும்மாதான இருக்காரு, இதாவது செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தார். உண்மையிலேயே வண்டி ஒழுங்காக ஓடியது. அவருக்கு ஒரே பெருமை. மச்சான் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நேராக அண்ணாச்சியிடம் போனார். "அந்தத் தொளைய எறக்கிருங்க அண்ணாச்சி. வேணும்னா ரெண்டு தொளையா எறக்குங்க. நான் பஸ்ஸுல போயிக்கிடுதேன்."

ஏலே

மாசம் முடியப் போகிற சமயம். என் சத்தம் வந்தபாடில்லை. சாயங்காலக் கல்யாணத்துக்குப் போக வேண்டிய ஜெனரேட்டர் டிரெய்லரை ஜீப்பில் கட்டிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் சவுண்டு சர்வீஸ்காரர் வந்தார். மூக்கு தரையை இடிக்கிறது என்றார். செல்லையா அண்ணன் அவசரமாக ஒரு துளை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, கொட்டகையில் இன்னொரு டிரெய்லரை வெல்டிங் வைக்கப் போனார். ஜீப்பை ஓட்டிப் பார்க்க அண்ணாச்சியே ஏறினார்.

எங்கள் பட்டறை பள்ளம், ரோடு மேடு. ஜீப் மேட்டில் ஏற, குலுக்கலில் பெரிய பின் மெல்ல மேலே எழும்பியது. அது எழும்பாமலிருக்க அடியில் ஒரு சின்ன கிளிப் உண்டு. அதைத்தான் சவுண்டு சர்வீஸ்காரர் மைக் ஸ்டாண்டுக்கு மாட்டியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. பின் கழன்றால் ஜெனரேட்டர் நேராகக் கொட்டகைக்குள் உருளும். உள்ளே முகமூடியோடு செல்லையா அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, நில்லுலே!"

ஜீப் நின்றது. எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது யாருடைய குரல் என்று நானும் ஒரு கணம் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பேர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அண்ணாச்சி இறங்கி வந்து, நுனியில் தொற்றிக்கொண்டிருந்த பின்னைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கொட்டகையைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டேன். அவர் செல்லையா அண்ணனைக் கூப்பிட்டார். "இனிமே பின்னால நின்னு சத்தம் குடுக்கது பாப்பாதான். நான் ஓட்டும்போது மட்டும் நீ நின்னுக்கோ."

அமைதியான பெண் என்று கேள்விப்பட்டு, விசாரிக்கப் பட்டறை வாசல்வரை வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் அப்படியே ரிவர்ஸில் போனதைத் தவிர, அந்தக் குரலால் எனக்கு இதுவரை ஒரு நஷ்டமும் இல்லை.