மடித்த குடை

வேதக்கோயில் வாசலில் ஈரக் குடைத்துணி மணத்தவுடன், போரில் இடிந்துபோன எங்கள் பழைய கோயிலின் முகப்பும், மாரி ஞாயிறுகளில் அங்கே சொட்டச் சொட்டச் சாத்தியிருக்கும் ஒரேமாதிரியான கறுப்புக் குடைகளும் நினைவில் எழுந்தன. அவற்றிலொன்றை மாறி எடுத்துவந்துவிட்ட, எங்களைப் பெற்ற ஐயா, அதைத் திருப்பிக் கொடுக்க, கொட்டும் மழையில் குடைக்காரர் வீடிருந்த உரும்பிராய் வரை நடந்தார். குடை மடித்தபடி கக்கத்தில் இருந்தது.

“விரிச்சுக்கொண்டு போங்கோவன்” என்றார் அம்மா.

“இது என்ரையில்லையப்பா” என்றார் ஐயா அம்மாவிடம்.

இன்று இந்தப் புதிய கோயிலின் சுவரில், பொருட்கள் தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே பத்துக் கட்டளைகளைப் படிக்கிறோம், வாசலில் இதை ஒட்டுகிறோம்.

“குடையை உள்ளுக்குக் கொண்டுபோங்கோ அன்ரி, எடுத்துப்போடுவினம்” என்றாள் பாட்டுப்புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்.

நான் அந்த அறிவித்தலுக்குக் கீழேயே குடையைச் சாத்தினேன். போனால் போகட்டும். நனைந்து நடக்கத் தெரிந்தவரின் மகள் நான்.