தெளிவாகக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வாய்த்த முதல் லேப்டாப்புக்கு ஸ்பீக்கர் அடிப்பக்கத்தில் இருந்தது. மடியில் வைத்தால் சத்தம் தொடைக்குள் போய்விடும். கட்டிலில் வைத்தால் மெத்தை விழுங்கிவிடும். செகந்திராபாத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட சரக்கிலிருந்து பொறுக்கி எடுத்தது அது. அப்போது நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், எலெக்ட்ரானிக்ஸ். அந்த வருடம் எங்கள் கல்லூரிக்கு ஒரு கம்பெனிகூட ஆள் எடுக்க வரவில்லை. முந்தைய வருடம் வேலை கிடைத்த சீனியர்கள், சேரும் தேதி வராமல் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள்.

மௌலா அலியில் தண்டவாளத்தை ஒட்டி, இரண்டு அறையுள்ள ஒரு போர்ஷனில் நானும் நைனாவும் குடியிருந்தோம். அம்மா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டாள். நைனா ரயில்வே பட்டறையில் ரிவெட் அடிக்கும் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது கூடவே வந்தது காது மந்தம். ரயில்வே ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மெஷின் விசிலடித்துக்கொண்டே இருக்கிறதென்று பீரோவில் போட்டுவிட்டார்.

அண்ணன் அமெரிக்கா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அங்கேயே ஒரு சென்னைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அவனுக்கு அது சனிக்கிழமை சாயங்காலம், லேப்டாப்பில் கூப்பிடுவான். நைனா ஏழு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். திரையில் அண்ணனின் முகம் வந்ததும் அவர் முகம் மலரும். அவன் பேசுவான். அவர் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"இன்னா சொல்றான் பாப்பா?"

நான் அவர் காதருகே போய்ச் சொல்வேன். அதுதான் என் வேலை.

முதல் பொய் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் கொட்டாவி விட்டபடி, "சரி, அப்புறம்? வேற?" என்றான். நைனா என்னைப் பார்த்தார். அந்த மூன்று சொல்லை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முட்டி வலி எப்படி இருக்குன்னு கேக்குறான் நைனா."

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். லுங்கியைச் சுருட்டி, முட்டியை கேமராவுக்கு நேராக நீட்டி, "இப்ப பரவால்லடா, எண்ணெ தேய்ச்சிக்கினு வரேன்" என்று கத்தினார். திரையில் அண்ணன் முழித்தான். "என்னாச்சு, விழுந்துட்டாரா?" என்று என்னிடம் கேட்டான். "ஒண்ணுமில்ல, சும்மா காட்டுறாரு" என்றேன்.

அதன்பிறகு பழகிவிட்டது. அவன் "பாக்கலாம்" என்றால் நான் "அடுத்த வருஷம் வர்றேன்றான்" என்பேன். அவன் ஆபீசைப் பற்றிப் புலம்பினால் "நேரத்துக்குச் சாப்பிடுறீங்களான்னு கேக்குறான்" என்பேன். நைனா அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் பெஞ்சில் பழைய பட்டறைக்காரர்களிடம் சொல்வார். எம்புள்ள இப்படிக் கேட்டான், அப்படிச் சொன்னான் என்று. தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள், "கொடுத்து வெச்சவர்மா உங்கப்பா" என்பார்கள்.

ஒரு ஞாயிறு, எப்போதும் கேட்பதைத்தான் நைனா கேட்டார். "எப்படா வரே?" அண்ணன் சலித்துக்கொண்டான். "டிக்கெட் என்ன விலைன்னு தெரியுமா இவருக்கு? வாரா வாரம் வா வான்னா என்ன செய்ய? இவரு கேக்குறதுக்காகவே கால் பண்ணப் பிடிக்கல." இதையும் நான், "லீவு கெடைக்கலையாம், கஷ்டமா இருக்காம்" என்று மாற்றினேன். நைனா திரையைப் பார்த்துக் கைகூப்பாத குறையாக, "பரவால்லடா, வேலைதான் முக்கியம்" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டியவனுக்கு அவர் ஆறுதல் சொன்னார்.

சவுண்டைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த வாரம்தான் முடிவு செய்தேன். நைனாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அவர் தன் காதால் மகனின் குரலைக் கேட்கட்டும் என்பது உண்மைதான். அண்ணன் பேசுகிற லட்சணத்தை அவரும் ஒருநாள் கேட்கட்டும் என்ற நினைப்பும் அதற்கு அடியில் கிடந்தது. அதை அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

புது ஸ்பீக்கருக்கு வழியில்லை. பஸ் பாஸ் போக என் கையில் மிஞ்சுவது ஜெராக்ஸுக்கே போதாது. அதனால் செலவில்லாத வேலைகளை முதலில் செய்தேன். லேப்டாப்பைக் கட்டிலிலிருந்து எடுத்து மரப்பலகை மேல் வைத்து, நாலு மூலைக்கும் தீப்பெட்டி முட்டுக் கொடுத்தேன். அடியிலிருந்து வரும் சத்தம் பலகையில் பட்டு வெளியே வந்தது. இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைப் போட்டு, தடித்த சத்தத்தையெல்லாம் குறைத்து, பேச்சு இருக்கும் நடுப்பகுதியையும் அதற்குச் சற்று மேலேயும் தூக்கிவிட்டேன். வெளியே வேறு ஸ்பீக்கர் மாட்டலாமென்று பார்த்தால், சார்ஜர் போட்டிருக்கும்போது ஹெட்போன் துளையில் ஒரு இரைச்சல் வந்தது, பிடுங்கினால் நின்றது. பேட்டரியோ இருபது நிமிடம்தான் தாங்கும். கோட்டியில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சந்துக்குப் போய், யு.எஸ்.பி.யில் சொருகும் கட்டைவிரல் அளவு சவுண்ட் கார்டு ஒன்றைக் கேட்டேன். கடைக்காரர் எடுத்துப் போட்டார். வேலை செய்யுமா என்று மூன்று தடவை கேட்டதும், "கைக்கு இத்னா டென்ஷன் பேட்டி? நை சலா தோ வாபஸ் லாவ்" என்று சிரித்தார். ஓடவில்லையென்றால் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறார். ஓடியது. இரைச்சல் போய்விட்டது.

கடைசியாக நைனாவின் பழைய டேப் ரிக்கார்டர். கேசட் சுற்றும் பாகம் செத்துப் பல வருடம். ஆனால் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் உயிரோடு இருந்தன. கல்லூரி லேபில் கற்றதை வைத்து, வால்யூம் குமிழின் காலில் ஒரு ஒயரைப் பற்றவைத்து, மறுமுனையைச் சவுண்ட் கார்டில் சொருகினேன். நைனா பக்கத்தில் உட்கார்ந்து ஈய வாசனையை முகர்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தப்பான இடத்தில் சூடு வைத்தபோது, "நக்கோ நக்கோ, அங்க வெக்காதே, போர்டு பொசுங்கிடும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பெட்டிகளைக் கட்டிலின் இரண்டு பக்கமும் அவர் காது உயரத்துக்கு ஸ்டூல் போட்டு வைத்தேன். பட்டறைச் சத்தத்தில் போன காதுக்கு உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. அதனால் லேப்டாப்பில் மாட்டிய மைக்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், அவர் என் வாயைப் பார்க்க முடியாதபடி நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கடை. சடை. தடை. படை. வடை.

"எல்லாம் அடைதான்" என்று அங்கிருந்து கத்தினார். "அடை சுடப்போறியா இன்னா?"

திரும்பி வந்து மேல் பகுதியை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். மறுபடி சமையலறை. மறுபடி சொற்கள். நாலாவது தடவையில், "சடை" என்று நான் சொன்னேன். பிறகு அவர் குரல் வந்தது. "சடை. உன் சடையாடி? சடைன்னுதானே சொன்னே?" நான் ஓடி வந்து பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "ச கேக்குது பாப்பா" என்றார். "எத்தினி வருஷம் ஆச்சு."

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. ஒரு வரி மெயில் போட்டிருந்தால் போதும். நைனாவுக்கு இப்போது கேட்கும், பார்த்துப் பேசு என்று. அதைப் போட எனக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது. நான் போடவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணி. அழைப்பு வந்தது. அண்ணனின் குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் அறை நிறைய வந்தது. "ஹலோ நைனா, எப்படி இருக்கீங்க?" நைனா என் பக்கம் திரும்பவில்லை. "நல்லா கீறேன்டா" என்று தானே பதில் சொன்னார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. தலையை வேறு பக்கம் திருப்பியிருந்தான். கேமராவுக்கு வெளியே நின்று அவன் மனைவி கேட்டது எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் எவ்ளோ நேரம்? அங்க எல்லாரும் வந்திருப்பாங்க."

"ரெண்டே நிமிஷம்" என்றான் அண்ணன். "பெருசுக்கு ஒண்ணும் கேக்காது. நான் சும்மா வாயை அசைச்சாலே தலையாட்டிட்டு இருக்கும். மிச்சத்தை அவ ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்குவா. எப்பவும் அப்படித்தான."

பிறகு கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தான். வாயை அசைத்தான். நிஜமாகவே வெறுமனே அசைத்தான், சத்தம் வரவில்லை.

நைனா தலையாட்டினார். கையைத் தூக்கி டாட்டா காட்டினார். திரை கறுத்தது.

நான் ஆம்ப்ளிஃபயரை அணைக்கப் போனேன். "இரு" என்றார். கொஞ்ச நேரம் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைத் திட்டுவார், அல்லது அழுவார் என்று காத்திருந்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"எப்பவும் அப்படித்தான்னு சொன்னானே. இன்னா அது?"

நான் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

"இத்தினி நாளா நீ சொன்னதுல எது அவன் சொன்னது?"

"கொஞ்சம் அவன் சொன்னதுதான் நைனா."

"எதெது?"

யோசித்தேன். எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னதும் நான் சேர்த்ததும் என் தலைக்குள் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

"முட்டி வலி கேட்டானே, அது?"

"அது நான்."

"சரி" என்றார். எழுந்து, இஸ்திரிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நீயும் சேர்ந்துதான் என்னெ ஏமாத்துனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் ரொம்ப நாள் போகவில்லை.

அன்று மதியமே அண்ணனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் முதலில் நம்பவில்லை. நம்பியதும் கத்தினான். "ஸ்பீக்கர் வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன உனக்கு? வேணும்னே பண்ணியிருக்க." அவன் அந்த ஐந்து வருடத்தில் பேசியதில் நியாயமானது அந்த ஒன்றுதான். அதனாலேயே அதை அவனுக்கு நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அழைப்பு வந்தபோது நைனா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நீ பேசிக்கோ, எனக்கு நக்கோ" என்று வெளியே போய்விட்டார். சில மாதங்களில் அழைப்பும் நின்றது. ஸ்பீக்கர் பெட்டிகளை நான்தான் பழைய சாமான்காரனிடம் போட்டேன். படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் கழித்து மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்தது. நைனாவுக்கு நல்ல காது மெஷின் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்றும் பேனாவும் வைத்துக்கொண்டார். பேங்கிலோ பால் பூத்திலோ யாராவது ஏதாவது சொன்னால், நான் பக்கத்தில் நின்றாலும் என்னைக் கேட்க மாட்டார். நோட்டை நீட்டி, "ராசி இவ்வண்டி" என்பார். எழுதிக் கொடுங்கள் என்று தெலுங்கில். என்னிடம் சாப்பாடு, மருந்து, மழை எல்லாம் பேசுவார். மற்றவர்கள் சொன்னதை மட்டும் என் வாயால் கேட்க மாட்டார்.

கால் வீங்கியதென்று ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது அதற்கடுத்த வருடம். அதன்பின் அவர் பதினோரு மாதம் இருந்தார். அண்ணன் இரண்டு முறை வந்து போனான். கால் வீக்கத்துக்காகப் போன அன்று, டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். நைனா எனக்கும் அவருக்கும் நடுவில் நோட்டை நீட்டிவிட்டார். டாக்டர் தயங்கினார். பிறகு ஆங்கிலத்தில் மூன்று வரி கிறுக்கிக் கொடுத்தார். நைனாவுக்கு அந்தக் கையெழுத்து புரியவில்லை. "குடுங்க நைனா, நான் படிக்கிறேன்" என்றேன். நோட்டை மூடிக்கொண்டு நடந்தார்.

மருந்து கவுண்டரில் வரிசை நீளமாக இருந்தது. முறை வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளிடம் நோட்டைக் கொடுத்து, காதைக் காட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். நைனா கண்ணாடியைத் தட்டினார். அவன் எழுந்து நின்று, கண்ணாடித் துளையில் வாயை வைத்து, இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டது என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி தெலுங்கில் கத்தினான்.