டைம்கீப்பர் அக்கா நிலவைச் சுற்றி வந்த கதை

டிப்போவில் எல்லாரும் அவளை டைம்கீப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த டிரைவர்களும் அக்கா என்றால் அவள் என்ன செய்ய முடியும், கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு மைக், எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று எழுதிய பெரிய பலகை. அங்கே உட்கார்ந்துகொண்டு ஊரிலிருக்கிற பஸ்ஸையெல்லாம் அனுப்பிவைக்கிறவளுக்கு ஒரு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் கணவர் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிப்போய், பக்கத்து வீட்டு கேட்டில் இடித்ததோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவள்தான் ஒன்பது வண்டிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு நிலவைச் சுற்றக் கிளம்பினாள். நம் தலைக்கு மேலே தெரிகிற நிலவு இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில், எந்த மூலையிலோ இருக்கிற ஒரு பொட்டல் நிலவு.

விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவள் கொழுந்தன். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை அவனுக்கு. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை, வண்டி ஓட்டும் விளையாட்டுக்கான கால் பெடலோடு சேர்த்து, அண்ணன் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்ததை ஒருநாள் தூசு தட்டப் போய் உட்கார்ந்தவள்தான். அந்த விளையாட்டில் ஆளுக்கொரு விண்கப்பல் உண்டு. மற்றவர்கள் அதில் சரக்கு ஏற்றுவார்கள், சண்டை போடுவார்கள். இவளுக்கு அதெல்லாம் ஒத்துவரவில்லை. கப்பலின் வயிற்றுக்குள் ஆறு சக்கர வண்டி ஒன்று இருக்கும். அதை இறக்கி, கல்லும் பள்ளமுமான தரையில் உருட்டிக்கொண்டு போவதென்றால் அவளுக்கு உயிர்.

"கப்பல்ல போனா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடலாமே, அண்ணி" என்றான் கொழுந்தன்.

"சீக்கிரம் போய் அங்க என்ன வெட்டி முறிக்கப் போற?" என்றாள்.

இது டிப்போவுக்கும் எட்டிவிட்டது. விஷயம் தெரிந்த டிரைவர் ஒருவர் தினமும் ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, நிலாவுக்கு அடுத்த வண்டி எப்போ?" என்று கேட்பார். "உங்க வண்டியை முதல்ல எடுங்க, பார்க்கலாம்" என்று மைக்கிலேயே சொல்லுவாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பயணிகள் சிரிப்பார்கள்.

போன வருஷமும் அவள் விளையாட்டில் பழக்கமானவர்களைச் சேர்த்துக்கொண்டு இப்படி ஒரு பயணம் ஏற்பாடு செய்தாள். அது சந்தி சிரித்தது. முதல் நாளே கொழுந்தன் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவன் மாதிரி பறந்தான். அவனைப் பார்த்து நாலு பேர் பறந்தார்கள். பின்னால் வந்தவர்கள் வழி தெரியாமல் தடுமாறி, ஒருவரை ஒருவர் குறை சொல்லி, ஆளாளுக்குக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் இவளும், ஆமை வேகத்தில் ஓட்டுகிற தையல்காரரும்தான் மிச்சம். அவரும் மனசு விட்டுப்போய்ப் பாதியில் நிறுத்திவிட்டார். இவள் கொழுந்தனை வாய்க்கு வந்தபடி திட்ட, அவன் ரொம்ப நாள் வீட்டுப்பக்கமே வரவில்லை. இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து அலுத்துப்போனவர் அவள் கணவர்தான்.

"நிலாவுல நடந்த சண்டைக்கு நான் எங்க போய்ப் பஞ்சாயத்து பண்றது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆகவே இந்தத் தடவை அவள் மனசுக்குள் ஒன்று முடிவு செய்திருந்தாள். ஒன்பது வண்டி கிளம்பினால் ஒன்பதும் சேர்ந்து வந்துசேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் இதோடு எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிடுவது. கணவரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த கையோடு எல்லாரும் கூடுவது என்று ஏற்பாடு. கப்பல்களை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நிலவை ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே திரும்ப வேண்டும். வாரத்துக்குக் கொஞ்ச தூரம். வேகம் தையல்காரரின் வேகம். ரிப்பேர் சாமான், கூட வருகிற பல் டாக்டர் ஒருத்தியின் வண்டியில். எல்லாருக்கும் கடைசியில், யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு, இவள் வண்டி. வெளிச்சத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. அந்த நிலவு மெதுவாகச் சுழல்வது. சூரியன் போகிற திசையிலேயே நாமும் மேற்கே போய்க்கொண்டிருந்தால் பயணம் முழுக்கப் பகலாகவே இருக்கும் என்று கணக்குப் போட்டு, எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லியும் வைத்தாள்.

முதல் ஞாயிறு வெயில் பளிச்சென்று இருந்தது. கொழுந்தன் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக வந்தான். அப்புறம் ஒரு மேட்டைத் தாண்டினான், ஆளைக் காணோம். இன்னும் இரண்டு பேர் அவன் பின்னால். "வந்துட்டு இருக்கோம்ல, அண்ணி, முன்னாடிதானே இருக்கேன்" என்று ரேடியோவில் குரல் மட்டும் வந்தது. இதுவும் போன வருஷத்துக் கதைதான் என்று நினைத்துக்கொண்டே அவள் தையல்காரரின் பின்னால் உருட்டிக்கொண்டு போனாள்.

இரண்டாம் ஞாயிறு பல் டாக்டர் ரேடியோவில் கேட்டாள்: "அக்கா, நிழல் நீளமாகிட்டே போகுதே. சூரியன் நம்ம முதுகுப் பக்கம் இறங்குற மாதிரி இருக்கு. பகலாவே இருக்கும்னீங்க?"

டைம்கீப்பர் அக்கா வண்டியை நிறுத்தினாள். நிலவின் விவரத்தை எடுத்துப் பார்த்தாள். அது தலைகீழாகச் சுழல்கிற நிலவு. அங்கே சூரியன் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறைகிறது. சூரியனோடு கூடவே போவதாக நினைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிர்த் திசையில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு பஸ் ஐந்து நிமிஷம் பிந்தினால் டிரைவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவள், கிழக்கு மேற்கு பார்க்காமல் கிளம்பியிருக்கிறாள்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்கு அது வராது. "தப்பு என் மேலதான்" என்றாள். "இந்த நிலா திரும்பிச் சுத்துது. நான் பார்க்கல. இனிமே ரொம்ப தூரம் இருட்டுலதான் போகணும். பிடிக்காதவங்க கிளம்பலாம், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய்.

கொழுந்தன், "பஸ்ஸையும் இப்படித்தான் அனுப்புவீங்களா, அண்ணி?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. யாரும் கிளம்பவில்லை.

இருட்டென்றால் சாதாரண இருட்டு இல்லை. வண்டி விளக்கு நாலு பாறைக்கு மேல் காட்டாது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கை விட்டால் வேறு போக்கிடம் இல்லை, முன்னால் ஓடியவர்களும் வரிசையில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். கொழுந்தன் மட்டும் வழக்கம்போல் எகிறிப் பார்த்தான். அந்த நிலவில் எதற்கும் கனம் குறைவு, ஒரு மேட்டில் ஏறினால் வண்டி தரைக்கு வரவே வெகுநேரம் ஆகும். மிதந்து போய் ஒரு பெரும் பள்ளத்துக்குள் தலைகுப்புற விழுந்தான். முன்னால் போன வண்டிகள் கவனிக்காமல் அவனைத் தாண்டிப் போய்விட்டன. கண்டுபிடித்தது தையல்காரர்தான். மெதுவாகப் போகிறவர் கண்ணுக்குத்தானே பள்ளம் தெரியும்.

போனவர்கள் திரும்பி வர, எட்டு வண்டியும் பள்ளத்தைச் சுற்றி நின்று விளக்கடித்தன. பல் டாக்டர் கீழே இறங்கி, "வாயைத் திறங்க, பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவன் வண்டியை ரிப்பேர் செய்தாள். அவன் மூக்குடைபட்ட குரலில் சொன்னான்:

"கோவிச்சுக்காதீங்க. நாள் முழுக்க, அந்தப் பார்சல் எங்க, இந்தப் பார்சல் எங்கன்னு போன் கத்திட்டே இருக்கு. ஒவ்வொரு கதவா நிக்கணும். இங்கதான் கதவே கிடையாது. கால் தானா அழுத்துது."

இதை அவன் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. போன வருஷம் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்து அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் அருமையானவை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததால் எல்லாரும் பேசினார்கள். தையல்காரர் கல்யாணச் சட்டை சின்னதாகிப்போன மாப்பிள்ளைகளின் கதைகளை எடுத்துவிட்டார். கணவர்கூட அடுத்த அறையிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க வந்துவிட்டார். ஒன்பது விளக்கும் ஒரே வரிசையில் போயின.

கடைசி ஞாயிறு, எதிரே சூரியன் எழுந்தது. மேடு பள்ளமெல்லாம் முடிந்து, துடைத்துவிட்ட மாதிரி சமவெளி. வெகு தூரத்தில் அவர்கள் விட்டுவந்த கப்பல்கள் பொடியாகத் தெரிந்தன. வெளிச்சம் வந்துவிட்டது, வழியும் தெரிகிறது, இனி யார் யாருக்காகக் காத்திருக்கப் போகிறார்கள் என்ற கவலை அவளைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லக் கூடாது என்று இருந்தாள். சொல்லி நிறுத்தினால் அதில் என்ன இருக்கிறது.

நினைத்தபடியே கொழுந்தனின் வண்டி வரிசையைவிட்டு விலகியது. போச்சு என்று நினைத்தாள். வண்டி அரைவட்டம் அடித்துத் திரும்பி, எல்லாரையும் தாண்டி, அவளுக்கும் பின்னால் வந்து நின்றது.

"அண்ணி, நீங்க முன்னாடி போங்க. கடைசி வண்டி நான்."

"எனக்கெதுக்குப்பா முன்னாடி?"

"வழி நெடுக எங்க முதுகைத்தானே பார்த்துட்டு வந்தீங்க. போங்க."

போனாள். ஒவ்வொரு வண்டியும் ஒதுங்கி வழிவிட்டது. முன்னால் வந்து பார்த்தால் யாருமே இல்லை. வெறும் தரை, வெயில், வானம். ஊரையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியவளுக்கு, முன்னால் ஒருவரும் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. கால் தானாக அழுத்தியது. வண்டி பாய்ந்தது. அந்தச் சமவெளியில் மிச்சமிருந்த ஒரே மேட்டில் ஏறிச் சக்கரங்கள் ஆறும் தரையைவிட்டுக் கிளம்பி மிதந்தபோது, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் பயந்துபோய் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, தையல்காரர் வேகம்னு சொன்னீங்களே" என்றாள் பல் டாக்டர்.

"அண்ணி, எங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்றான் கொழுந்தன். அவன் எங்கோ பின்னால், தையல்காரரை விட்டு விலகாமல் வந்துகொண்டிருந்தான்.

பிரேக்கை மிதித்தாள். வண்டி வெகுதூரம் சறுக்கி, கப்பல்களுக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. "தம்பி, உன்னைத் திட்டினது தப்புப்பா" என்றாள். "இங்க வந்து நின்னா யாருக்குத்தான் கால் நிக்கும்."

பிறகு வண்டியைத் திருப்பி நிறுத்தி, மற்ற எட்டுப் பேரும் வரும்வரை காத்திருந்தாள்.